ஒரு சுரப்பியும் ஒரு பிரதமர் பதவியும்

1963 ஒக்டோபர் 7 ஆம் திகதி இரவு பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லனுக்கு சிறுநீர் கழிக்க முடியாமல் போனது. கடுமையான வேதனை. சரியாகப் பதினொரு நாட்களுக்குப் பிறகு, ஒக்டோபர் 18 ஆம் திகதி, அவர் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தவாறே பதவி விலகினார். அரசியல் எதிரிகளாலோ, பாராளுமன்றத் தோல்வியாலோ அந்த வாரம் வீழ்த்தப்படாத ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது, வீங்கிப் பருத்துப்போன ஒரு சிறு சுரப்பியே. அந்தச் சுரப்பியின் கதை அரசியல் வரலாற்று நூல்களில் ஓரிரு வசனங்களுடன் முடிந்துவிடுவது வழக்கம். அது அதற்கும் மேலான கவனத்துக்குரியது.

புரொஸ்டேட் எனப்படும் முன்னிற்கும் சுரப்பி ஆண்களுக்கு மாத்திரம் உரியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் அது, இளம் வயதில் சுமார் 20 கிராம் எடை கொண்டது. நாற்பது வயதைக் கடந்த பிறகு பலருக்கு அது மெல்லமெல்லப் பருக்கத் தொடங்குகிறது. அறுபதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் இந்த வீக்கத்தைக் காணலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால், நடுவே செல்லும் குழாயை அது நெரிப்பதால் சிறுநீர் தடைப்படுகிறது. இரவில் பல தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. சிலருக்கு ஒருநாள் திடீரென்று முற்றாக அடைத்துக்கொள்கிறது. மக்மில்லனுக்கு நேர்ந்தது இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்த நிலையை அடைந்த முதியவர்களுக்கு இருந்த பிரதான வழி, கதீற்றர் குழாயைத் தாங்களே செலுத்தி சிறுநீரை வெளியேற்றுவதுதான். கிருமித்தொற்று பற்றிய அறிவு பரவாத காலத்தில் அந்தக் குழாய் பலருக்கு மரணத்தின் வாசலாகவும் அமைந்தது. சிறுநீர்ப்பையைத் திறந்து சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையை 1890 களில் நியூயோர்க்கில் இயூஜின் புல்லர் செய்துவந்தார். அதை உலகறியச் செய்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் பிரேயர். இந்திய மருத்துவச் சேவையில் இருபது வருடங்கள் வரை பணியாற்றிவிட்டு இலண்டன் திரும்பிய அவர், 1900 டிசம்பரில் சென்ற் பீற்றர்ஸ் வைத்தியசாலையில் தனது முதலாவது சத்திரசிகிச்சையைச் செய்தார். அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையைத் திறந்து, பருத்துப்போன பகுதியை விரலால் தோண்டி எடுப்பதே அவரது முறை. 1912 இல் அவர் தன்னிடம் சிகிச்சை பெற்ற ஆயிரம் பேரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். யாருடைய சாதனை முந்தியது என்று புல்லருக்கும் அவருக்கும் இடையில் மூண்ட சர்ச்சை வேறு கதை.

அதே 1912 ஆம் ஆண்டில், எழுபது வயதான பிரெஞ்சு அரசியல்வாதி ஜோர்ஜ் கிளெமன்சோ இந்தச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். மதகுருமாரின் செல்வாக்குக்கு எதிராக வாழ்நாள் பூராகவும் போராடிய அவரை அப்போது பராமரித்தவர்கள் கன்னியாஸ்திரிகள் என்பது ஒரு சுவாரஸ்யமான தகவல். அந்த வயதில், அந்தக் காலத்தில், அத்தகைய சத்திரசிகிச்சை என்றால் அரசியல் வாழ்வு முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஐந்து வருடங்கள் கழித்து, 1917 நவம்பரில், முதலாம் உலகப்போரின் மிக நெருக்கடியான கட்டத்தில், 76 வயதில் அவர் பிரதமராகி பிரான்ஸை வெற்றிக்கு இட்டுச்சென்றார். 1919 இல் கொலையாளி ஒருவனின் துப்பாக்கிக் குண்டையும் உடலில் தாங்கிக்கொண்டு 1929 வரை வாழ்ந்தார். அந்த 1929 இல், அவரது நீண்டகாலப் போட்டியாளரான ரெய்மொன்ட் புவன்காரே இதே உபாதை காரணமாகப் பிரதமர் பதவியைத் துறந்தார். அவர் பிறகு ஒருபோதும் அதிகாரத்துக்குத் திரும்பவில்லை. ஒரே நோய், ஒரே நாடு, இரு வேறு முடிவுகள்.

மக்மில்லனின் கதைக்கு வருவோம். 1963 அவருக்குச் சோதனையான வருடம். ஜனவரியில் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் பிரிட்டன் இணைவதை டீ கோல் தடுத்துவிட்டார். ஜூனில் யுத்த அமைச்சர் ஜோன் புரொபியூமோவின் விவகாரம் அரசாங்கத்தை உலுக்கியது. விலகுவதா, தொடர்ந்திருந்து அடுத்த பொதுத்தேர்தலைச் சந்திப்பதா என்று பல வாரங்களாக ஊசலாடிய அவர், ஒக்டோபர் 7 ஆம் திகதி தொடர்ந்திருப்பது என்ற முடிவை நெருங்கியிருந்தார். அன்றிரவே நோய் தாக்கியது. மறுநாள் காலை வேதனையைப் பொறுத்துக்கொண்டு அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அன்றிரவு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். ஒக்டோபர் 10 ஆம் திகதி சத்திரசிகிச்சை நடைபெற்றது. அதே தினம் பிளக்பூலில் கூடியிருந்த கொன்சர்வேடிவ் கட்சி மகாநாட்டில், வெளியுறவு அமைச்சர் ஹோம் பிரபு பிரதமரின் கடிதத்தை வாசித்தார். தேர்தலுக்குத் தலைமை தாங்கும் உடல்வலு தனக்கு இருக்காது என்பதே அதன் சாராம்சம்.

அதன் பின்னர் பிளக்பூல் மகாநாடு தலைமைப் பதவிக்கான பகிரங்கப் போட்டிக்களமாக மாறியது. பட்லர், ஹெய்ல்ஷாம் பிரபு, மோட்லிங் என்று பெயர்கள் அடிபட்டன. சத்திரசிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்த 69 வயது நோயாளியோ கட்டிலில் இருந்தவாறு அமைச்சர்களை ஒருவர் பின் ஒருவராக வரவழைத்து அபிப்பிராயம் திரட்டினார். ஒக்டோபர் 18 ஆம் திகதி எலிசபெத் மகாராணி வைத்தியசாலைக்கே வந்து அவரைச் சந்தித்தபோது, அவர் ஹோம் பிரபுவின் பெயரையே சிபாரிசு செய்தார். பட்லருக்கு இரண்டாவது தடவையாகவும் பதவி கைநழுவியது.

பதவி விலகிச்செல்லும் தலைவர் தனது வாரிசைத் தெரிவுசெய்யும் இந்த வழக்கம் எமக்கும் புதியதல்ல. 1952 மார்ச்சில் டி.எஸ்.சேனநாயக்க காலமானபோது, அவரது விருப்பத்தைக் கருத்திற்கொண்டே மகாதேசாதிபதி சோல்பரி பிரபு டட்லி சேனநாயக்கவை பிரதமராக நியமித்தார் என்பதும், சேர் ஜோன் கொத்தலாவல அதனால் கடும் சீற்றமடைந்தார் என்பதும் இலங்கை அரசியல் வரலாற்றை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஹோம் பிரபு பட்டத்தைத் துறந்து சேர் அலெக் டக்ளஸ் ஹோம் ஆனார். பாராளுமன்றத்தின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாமல் இரு வாரங்கள் பிரதமராக இருந்துவிட்டு, இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் பொதுச்சபைக்குள் பிரவேசித்தார். ஐயன் மக்லியோட்டும் ஈனொக் பவலும் அவரது அரசாங்கத்தில் சேர மறுத்தனர். 1964 ஒக்டோபர் பொதுத்தேர்தலில் ஹரோல்ட் வில்சனின் தொழிற்கட்சி நான்கே ஆசனப் பெரும்பான்மையுடன் வெற்றிபெற்றது. கொன்சர்வேடிவ் கட்சி தலைவரைப் பாராளுமன்ற உறுப்பினர்களின் வாக்கெடுப்பு மூலம் தெரிவுசெய்யும் முறையை 1965 இல் ஏற்படுத்தியது. வைத்தியசாலை அறையில் தலைவரைத் தீர்மானித்த காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

மக்மில்லனின் நோயோ புற்றுநோய் அல்ல. அவர் பூரணமாகக் குணமடைந்தார். ஆறு பாகங்களில் நினைவுக்குறிப்புகளை எழுதினார். 1984 இல் தொண்ணூறாவது வயதில் ஸ்ரொக்டன் பிரபுவாகி பிரபுக்கள் சபையில் கன்னியுரை நிகழ்த்தினார். மார்கரட் தட்சரின் தனியார்மயக் கொள்கையைக் கிண்டல் செய்தார். 1986 டிசம்பர் 29 ஆம் திகதி 92 வயதில் காலமானார். அதாவது, உடல்வலு இருக்காது என்று கூறிப் பதவியைத் துறந்த பிறகு மேலும் 23 வருடங்கள் வாழ்ந்தார். நோய் அவரை விலக வைத்ததா, விலகுவதற்கு ஒரு கௌரவமான வழியை நோய் அவருக்குக் காட்டியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் விவாதிக்கின்றனர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். வலியிலும் பயத்திலும் இருக்கும் மனிதனிடம் அவனது காரணங்களைப் பிரித்துக் கேட்பது இலகுவானதல்ல.

ஆறு மாதங்கள் கழித்து, 1964 ஏப்ரலில், பாரிஸ் நகரின் கொஷான் வைத்தியசாலையில் 73 வயதான ஜனாதிபதி சார்ள்ஸ் டீ கோலுக்கு இதே சத்திரசிகிச்சை நடந்தது. அது முடியும்வரை நாட்டு மக்களுக்கு எதுவும் தெரியாது. பிரதமர் பொம்பிடு சில நாட்கள் பொறுப்புகளைக் கவனித்துக்கொண்டார். அதே வருடம் செப்டெம்பர், ஒக்டோபரில் டீ கோல் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தென்னமெரிக்க நாடுகள் பத்தில் சுற்றுப்பயணம் செய்தார். 1965 டிசம்பரில் மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவானார். மக்மில்லனின் ஐரோப்பியக் கனவைத் தடுத்தவர், அவரை வீழ்த்திய அதே நோயையும் வென்றுவிட்டு மேலும் ஐந்து வருடங்கள் ஆட்சிசெய்தார்.

இருவருக்கும் இடையில் வித்தியாசமாக இருந்தது நோய் அல்ல. நோயைப் பற்றிய எண்ணமே. ஆனால், டீ கோலின் இரகசியத்தை முன்மாதிரியாகக் கொள்ளவும் முடியாது. தங்களை ஆளுபவரின் உடல்நிலையை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. 1987 ஜனவரியில், மக்மில்லன் மறைந்து ஒரு வாரம் கழித்து, அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் 75 வயதில் இதே உபாதைக்குச் சிகிச்சை பெற்றபோது அது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அடிவயிற்றைத் திறக்காமல், சிறுநீர்க்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் முறை அது. அதே மாதம் 27 ஆம் திகதி அவர் காங்கிரஸில் வருடாந்த உரையை நிகழ்த்தினார்.

இன்று பெரும்பாலானவர்கள் மாத்திரைகளுடனேயே சமாளித்துவிடுகின்றனர். சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் சில தினங்களில் கதீற்றர் அகற்றப்பட்டுவிடும். சில வாரங்களுக்கு சிறுநீரில் இரத்தம் தென்படலாம், பாரம் தூக்கக்கூடாது, மலச்சிக்கல் ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவசரம் அவசரமாக ஓட வேண்டியும் வரலாம். பெரும்பாலானவர்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் வழமை நிலைக்குத் திரும்புகின்றனர். மருத்துவம் இவ்வளவு முன்னேறிய பிறகும் மாறாதிருப்பது ஆண்களின் கூச்சம். இரவில் ஐந்து தடவை எழும்புவதை வயதின் தலைவிதி என்று மறைத்துக்கொள்ளும் தந்தையர் எமது சமூகத்தில் ஏராளம். முற்றாக அடைத்துக்கொண்டு, சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகே பலர் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர்.

2024 ஜனவரியில் மன்னர் மூன்றாவது சார்ள்ஸ் தனது சுரப்பி வீக்கத்துக்குச் சிகிச்சை பெறவிருப்பதை பக்கிங்ஹாம் அரண்மனை முன்கூட்டியே அறிவித்தது. ஏனைய ஆண்களும் பரிசோதனைக்குச் செல்ல இது தூண்டுதலாக அமையவேண்டும் என்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அடுத்த சில தினங்களில் பிரிட்டிஷ் தேசிய சுகாதார சேவையின் இணையத்தளத்தில் அந்த நோய் பற்றிய பக்கத்தைத் தேடி வந்தவர்களின் தொகை பன்மடங்காகியது. அந்தச் சிகிச்சையின்போதுதான் மன்னருக்கு வேறொரு புற்றுநோய் இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. வெட்கப்பட்டுத் தாமதித்திருந்தால் அதுவும் தாமதமாகவே தெரியவந்திருக்கும்.

அறுபது வருடங்களுக்கு முன்னர் அவரது தாயார், ஒரு பிரதமரின் இராஜிநாமாவை ஏற்க அதே இலண்டனில் ஒரு வைத்தியசாலைக்குச் சென்றார். அந்த அறையில் படுத்திருந்தவருக்கு இன்னும் 23 வருட ஆயுள் இருந்தது என்பதை அங்கிருந்த எவரும், அவர் உட்பட, அறிந்திருக்கவில்லை.