சுண்டியது சுண்டல்

மளிகைக் கடையில் "கால் கிலோ வெள்ளைச் சுண்டல் கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டைக்கடலையை நிறுத்துக் கொடுத்துவிடுவார். தண்ணீரும் நெருப்பும் படாத வெறும் கடலை அது. அடுப்பில் ஏறி இறங்கிய பிறகு கிடைக்க வேண்டிய பெயர் மூட்டையில் இருக்கும்போதே அதற்குக் கிடைத்துவிட்டது. போதாததற்குச் சுண்டல் குழம்பு, சுண்டல் கிரேவி என்று, அந்தப் பெயர் எதை மறுக்கிறதோ அதனோடேயே இப்போது சேர்ந்து நிற்கிறது. சமையல் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்து பார்க்கும் தின்பண்டம் சுண்டல். அதன் பெயருக்குள்ளேயே செய்முறை இருப்பது அவர்கள் காதுக்கு எட்டாமல் போகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இந்தச் சொல்லின் வழியைத் தேடுகிறேன்.

தமிழில் 'சுண்டு' ஒன்றல்ல. நாணயத்தைச் சுண்டுகிறோம். சுண்டினால் சிவக்கும் நிறம் என்கிறோம். இது விரலின் வேலை. சுண்டுவிரலிலும் சுண்டெலியிலும் இருப்பது சிறுமைப் பொருள். யாழ்ப்பாணத்தில் 'ஒரு சுண்டு அரிசி' என்றால் அது அளவு. மலையாளத்தில் சுண்டு என்றால் உதடு. நம் தின்பண்டத்துக்குப் பெயர் தந்த சுண்டு இவற்றில் எதுவும் அல்ல. சுண்டக் காய்ச்சிய பாலிலும், மறுநாள் சுண்டவைத்த மீன்குழம்பிலும் இருக்கும் சுண்டுதான் அது. வெப்பத்தால் நீர் குறைந்து சாரம் மிஞ்சுவது. கஷாயம் போடும் பாட்டிகள் "எட்டுக்கு ஒன்றாச் சுண்டணும்" என்று சொல்வதும் இதையே. வாட்டத்தில் முகம் சுண்டிப்போனது என்பதும் இந்தச் சுருக்கத்தின் நீட்சிதான்.

வற்றுதலுக்கும் சுண்டுதலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சுவழக்கு நுட்பமாகக் காத்து வைத்திருக்கிறது. கிணறு வற்றியது என்போம், சுண்டியது என்று யாரும் சொல்வதில்லை. சுண்டுவதற்குப் பாத்திரம் வேண்டும், தீ வேண்டும், நீர் போன பிறகு அதன் சுவையை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு பொருளும் வேண்டும். வெயிலில் காய்ந்த மணத்தக்காளி வற்றல் ஆயிற்று. பானைக்குள் வெந்து, வெந்த நீரையே உள்ளே இழுத்துக்கொண்ட பயறு சுண்டல் ஆயிற்று.

நம் அடுக்களைப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி வினையில் பிறந்தது. பொரித்தது பொரியல், வறுத்தது வறுவல், அவித்தது அவியல், மசித்தது மசியல், துவைத்தது துவையல், பொங்கியது பொங்கல். 'அல்' என்ற ஒரு சின்ன விகுதி சமையல் முறையைப் பெயராக்கித் தந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் ஒரு பெண் இன்னொருத்திக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே பாதிச் செய்முறையைச் சொன்னதாகும். தமிழ்ச் சமையலின் இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பயற்றை வேகவைத்து உண்பது இந்த மண்ணில் மிகப் பழையது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு வரகு, தினை, கொள், அவரை என்ற நான்கை விட்டால் வேறு உணவில்லை என்கிறது. நான்கில் இரண்டு பயறு வகை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்துச் சிற்றூரில் பாணனுக்கு வரகுச் சோற்றோடு அவரைப் புழுக்கு கிடைக்கிறது. அன்று அதற்குச் சுண்டல் என்று பெயரில்லை, புழுக்கு. புழுங்குவது, அதாவது நீரிலும் ஆவியிலும் வேவது அந்தப் பெயரின் வேர். நம்மிடம் அந்தச் சொல் புழுங்கல் அரிசியிலும் வெயில் காலத்துப் புழுக்கத்திலும் தங்கிவிட்டது. உணவின் பெயராகக் கேரளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது: மரவள்ளிக் கிழங்கில் செய்யும் கப்பப் புழுக்கு, மார்கழித் திருவாதிரை நாளில் கிழங்குகளும் பயறும் சேர்த்துச் செய்யும் திருவாதிரைப் புழுக்கு. புழுக்கு என்ற பெயர் வேகும் நேரத்தைப் பார்க்கிறது. சுண்டல் என்ற பெயர் வெந்து முடிந்து ஈரம் அடங்கும் கடைசி நிமிடங்களைப் பார்க்கிறது. சமைப்பவரின் கண் அடுப்பருகே இன்னும் சற்று நேரம் நின்றிருக்கிறது.

அண்டை மொழிகள் வேறு வழியில் போயின. தெலுங்கில் இது குக்கிள்ளு, கன்னடத்தில் உஸ்லி. உஸ்லிக்கு ஒலியில் நெருங்கிய உசிலி தமிழிலும் உண்டு. ஆனால் பருப்பு உசிலி, அரைத்த பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துக் காயோடு சேர்க்கும் வேறொரு பதார்த்தம்.

ஈழத்துக்குப் போனால் சொல் இன்னும் அகலமாக இருக்கிறது. அங்கே முருங்கையிலைச் சுண்டல் உண்டு, வல்லாரைச் சுண்டல் உண்டு, கோவாச் சுண்டல் உண்டு (கோவா என்பது நம் முட்டைக்கோஸ்). பொடியாக அரிந்த இலையை வெங்காயம், தேங்காய்ப்பூவோடு சட்டியில் போட்டு, இலை விடும் நீர் அதிலேயே அடங்கும்வரை புரட்டி எடுப்பார்கள். பயறே இல்லாத சுண்டலா என்று தமிழ்நாட்டுக்காரர் வியக்கலாம். வினையை நினைத்துப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. பயறு என்ற நிபந்தனை சுண்டு என்ற வினையில் எங்கும் இல்லை. சொல்லின் அகன்ற பொருளை ஈழம் காத்தது, நாம்தான் குறுக்கிக்கொண்டோம் என்பது என் முடிவு.

குறுக்கியதில் பண்டிகைக்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும். நவராத்திரியில் கொலு வைத்த வீட்டில் ஒன்பது நாளும் நாளுக்கொரு சுண்டல். நவக்கிரகங்களுக்குத் தானியம் வகுத்த மரபில் குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, புதனுக்குப் பாசிப்பயறு, கேதுவுக்குக் கொள்ளு என்று இருப்பதால் கிழமை பார்த்துப் பயறு தேர்ந்தெடுக்கும் வீடுகளும் உண்டு. பயறு மாறிக்கொண்டே இருக்க, சுண்டல் என்ற சொல் மட்டும் நாள்தோறும் காதில் விழுந்தது. கேட்டுக் கேட்டு, சுண்டல் என்றால் பயறுதான் என்று ஆகியிருக்கும்.

1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கடற்கரையில் 'தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்' என்ற கூவல் பின்னாளில் ஊறிப்போனது. அந்தக் கூவலின் இலக்கணம் கச்சிதமானது. முதலில் பொருள்கள் வரிசையாக வருகின்றன, கடைசியில் முறை வருகிறது. கொண்டைக்கடலைக்கு நேர்ந்தது வேறு. நீளமான பெயர் அது. எல்லாச் சுண்டலிலும் அதிகம் செய்யப்படுவதும் அதுவே. கொண்டைக்கடலைச் சுண்டல் என்பதில் முன்பாதி தேய்ந்து உதிர்ந்தது. தனித்து நின்ற 'சுண்டல்' பண்டத்தையும் குறித்தது, பிறகு கடலையையே குறிக்கத் தொடங்கியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் விற்ற கடலை வகைகளுக்குக் கச்சாங் பூத்தே, அதாவது வெள்ளைக் கடலை என்ற மலாய்ப் பெயர் அமைந்தது. அங்கே வினை அடியோடு விலகி, நிறம் பெயராகிவிட்டது.

புதிதாகச் சமைக்க வருபவருக்கு நான் சொல்வது, பெயர் சொல்கிறபடி செய்யுங்கள். ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை இரவே கழுவி, மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்காகும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, கடலை மூழ்கும் அளவு மட்டும் புதுத் தண்ணீர் விட்டு, உப்புச் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விடலாம். கடலையை விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் தண்ணீரை வடிகட்டிக் கொட்டுகிறார்கள். வேண்டாம். மூடியைத் திறந்து, கடலையை அந்தத் தண்ணீரோடேயே வாணலிக்கு மாற்றி, நிதானமான தீயில் நீரைச் சுண்டவிடுங்கள். உப்பும் கடலையின் சாறும் மணியின் மேலேயே படிந்து பளபளக்கும். வடித்த கடலையில் மேலாக உப்புத் தூவினால் இந்தச் சுவை வராது. பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்தபின் தேங்காய்த் துருவல் சேர்த்தால் போதும்.

பழகும் கைக்குக் கொண்டைக்கடலைதான் நல்லது. ஒரு விசில் கூடினாலும் உருவம் கெடாது. பாசிப்பயறு அப்படியல்ல, கண் அசந்தால் குழைந்து கூட்டாகிவிடும். கை பழகிய பிறகு காராமணியில் வெல்லச் சுண்டல் செய்து பாருங்கள். பயறு முழுதாக வெந்த பின்னரே வெல்லம் சேர வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் மணி இறுகி, எத்தனை நேரம் வைத்தாலும் மெத்தென்று ஆகாது. வெல்லம் கரைந்து முதலில் நீர்த்துக்கொள்ளும். பதற வேண்டாம், கிளறிக்கொண்டே இருங்கள். பாகு இறுகிக் காராமணியைப் பற்றிக்கொள்ளும்போது ஏலக்காயும் தேங்காயும் போட்டு இறக்கிவிடலாம்.