1859-ல நடந்த ஒரு போட்டோகிராஃபர் லே-ஆஃப்

முகூர்த்த சீசன்ல காலையில மாமல்லபுரம் பக்கம் போயிருக்கீங்களா? செங்கல்பட்டுல இருந்தும் சென்னையில இருந்தும் கார் கார்னா வந்து இறங்குவாங்க. பட்டுப்புடவையில பொண்ணு, கோட்டுல மாப்பிள்ளை, ரிஃப்ளெக்டர் பிடிக்க ஒரு தம்பி. கையில கேமராவோட படம் எடுக்கிறதுல பிரச்சனை இல்லை. ட்ரைபாட், லைட்டுன்னு ஒரு டீமே இறங்கினா தொல்லியல் துறை அனுமதி வேணும், அதனால நிறைய பேர் கோயிலைத் தூரத்துல வெச்சுட்டு கடற்கரையிலயே முடிச்சுக்கறாங்க.

இந்த எபிசோட் கல்யாணத்தைப் பத்தினது இல்லை. காசு கொடுத்து ஒரு போட்டோகிராஃபரை வேலைக்கு வைக்கிறது, அந்தப் பழக்கம் நம்ம ஊர்ல எப்படி ஆரம்பிச்சதுங்கறதுதான் விஷயம். அந்தக் கதையில கிளையன்ட், கிழக்கிந்திய கம்பெனி.

1855-ல கம்பெனியோட லண்டன் இயக்குநர்கள் ஒரு யோசனை சொன்னாங்க: பழைய கட்டடங்களை ஓவியர்களை வெச்சு வரையறதுக்குப் பதிலா போட்டோ எடுங்க, துல்லியமாவும் இருக்கும், செலவும் குறையும். அதாவது இது சிக்கனத் திட்டமாத்தான் ஆரம்பிச்சது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்த வருஷம், 1856-ல, சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப்ங்கற ராணுவ கேப்டனை அரசு போட்டோகிராஃபரா நியமிச்சது. ஆளோட போர்ட்ஃபோலியோ பலமானது. 1854-ல லீவு போட்டுட்டு பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்தவர். 1855-ல பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவோட போய் 200-க்கு மேல நெகட்டிவ் கொண்டு வந்தவர். அதுல 120 படத்தைத் தேர்ந்தெடுத்து 50 செட் போட்டார். மொத்தம் 6,000 பிரின்ட், ஒவ்வொண்ணும் கையால. ஷூட் 1855-ல, ஆல்பம் கைக்கு வந்தது 1857-ல. "இன்னும் ஆல்பம் வரலையே"ன்னு புலம்பறவங்க இதைக் கேட்டு மனசைத் தேத்திக்கலாம்.

1857 டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து மாட்டு வண்டிகள்ல கெமிக்கல், கேமராவெல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்தி 1858 ஏப்ரல் கடைசியில சென்னை வந்து சேர்ந்தார். வடக்கே சிப்பாய் புரட்சி இன்னும் அடங்காத நேரம் அது. மெழுகு பூசின காகிதம்தான் நெகட்டிவ். எக்ஸ்போஷர் நீளம், அதனால நடமாடற ஆள் படத்துல நிக்கவே மாட்டார். மதுரை மண்டபங்கள் அவர் படத்துல ஆளே இல்லாத மாதிரி தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்து நெகட்டிவ்ல வானமும் வெறுமையா விழும். இவர் என்ன செய்வார்னா, நெகட்டிவ் மேலயே மேகத்தைக் கையால தீட்டிடுவார். இப்போ எடிட்டர் ஒரு கிளிக்ல வானத்தை மாத்தறாரே, அதேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தஞ்சைப் பெரிய கோயில்ல அவர் செஞ்ச வேலை. விமானத்தோட அடிப்பகுதியில ஓடற கல்வெட்டை 21 படமா எடுத்து, ஒட்டவெச்சு, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகளை அரசுக் கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஷ் புத்தகமா கொண்டுவர ஆரம்பிச்சது 1891-லதான். போட்டோ முப்பது வருஷத்துக்கு மேல முந்திக்கிச்சு.

மாமல்லபுரம் எங்கேன்னு கேக்கறீங்க. அந்தப் பயணத்துல வந்த தொகுப்புகள்ல மாமல்லபுரத்துக்குன்னு ஒண்ணு இல்லை. அடுத்த ரவுண்டுல போயிருக்கலாம். அடுத்த ரவுண்டு நடக்கவே இல்லை.

1859-ல புது கவர்னரா சார்லஸ் ட்ரெவெல்யன் வந்தார். அயர்லாந்துப் பஞ்ச காலத்துல பிரிட்டிஷ் கருவூலத்துல உக்காந்து நிவாரணச் செலவைக் கெடுபிடியாப் பாத்தார்னு பேர் வாங்கினவர். புரட்சிக்கு அப்புறம் கஜானா காலி. வந்த சில மாசத்துலயே போட்டோகிராஃபி நம்ம நிதி நிலைமைக்கு ஒத்துவராத ஆடம்பரம்னு எழுதி, வேலையை நிறுத்தச் சொல்லிட்டார். சிக்கனத்துக்காகக் கொண்டுவந்ததை ஆடம்பரம்னு சொல்லி மூடினாங்க. ஐடி கம்பெனியில இருக்கறவங்களுக்கு இந்த லாஜிக் புதுசு இல்லை. அடுத்த வருஷமே, கல்கத்தா அரசோட வருமான வரித் திட்டத்தைப் பொதுவெளியில எதிர்த்ததுக்காக ட்ரெவெல்யனையும் பதவியிலிருந்து திருப்பி அழைச்சுட்டாங்க. அது ட்ரைப்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் படையில தொடர்ந்து இருந்தார், 1902-ல இறந்தார், ஆனா கேமராவைப் பெருசாத் தொடவே இல்லை.

அதுக்கப்புறம் அரசு சம்பளத்துக்கு ஆள் வைக்காம வேலைக்கு இவ்வளவுன்னு பேச ஆரம்பிச்சது. 1860-கள் கடைசியில ஊட்டியில ஸ்டூடியோ வெச்சிருந்த எட்மண்ட் லயனுக்குத் தென்னிந்தியக் கோயில்களை எடுக்கற வேலை போச்சு. சென்னையில நிக்கலஸ் மாதிரி ஸ்டூடியோக்கள் சொந்தச் செலவுல எடுத்து, கேட்டவங்களுக்குப் பிரின்ட் போட்டு வித்தாங்க. நாம கல்யாணத்துக்குப் பேசறது லயன் மாடல், சம்பள மாடல் இல்லை.

இந்த மாடல்ல ஒரு கேள்வி எப்பவும் தொங்கும்: படம் யாரோடது? 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, முதல் உரிமையாளர் நீங்கதான். உங்க முகத்தைத் தன் இன்ஸ்டா விளம்பரத்துல போடணும்னா போட்டோகிராஃபர் அதை ஒப்பந்தத்துல எழுதி வாங்கணும். நிறைய பேர் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடறாங்க. ஆனா ரா ஃபைலைக் கையில கொடுக்கணுமாங்கறது தனி விஷயம். அது பேசி முடிவு பண்றது, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே பேசுங்க.