நடுக்கத்தை ஆர் தாங்குறது? எஞ்சின் மவுண்டிங்கின் கதை

எங்கட நண்பன் ஒருவன் வீட்டில் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று நிற்கிறது. போன வருடம் அதன் எஞ்சின் மவுண்டிங்குகளைக் கழற்றிவிட்டு இறுக்கமான பொலியூரத்தேன் மவுண்டிங்குகளைப் போட்டான். முதல் கிழமை எங்கள் எல்லோருக்கும் ஒரே புழுகம். கியர் 'டக்' என்று விழுந்தது. அக்சிலரேட்டரை மிதித்த உடனேயே கார் பாய்ந்தது. இரண்டாம் கிழமை அவனுடைய அம்மா பின் சீற்றில் ஏறினார். சிக்னலில் நின்றபோது கண்ணாடி நடுங்கியது, கதவெல்லாம் கிறுகிறுத்தது. "என்னடா இது, அரிசி மில்லுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

கராஜில் போய்க் கேட்டோம். அங்கிருந்த அண்ணை சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பியவை, எஞ்சின் எண்டா நடுங்கத்தான் செய்யும். அந்த நடுக்கத்தை ஆர் தாங்குறது எண்டதுதான் கேள்வி."

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த வசனம் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தேடிப் பார்த்தோம். இந்தச் சின்ன இறப்பர் துண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் எஞ்சின் ஏன் நடுங்குகிறது என்று பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில் சும்மா நின்று ஓடினாலும், உள்ளே வினாடிக்கு 25 வெடிப்புகள் நடக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் தள்ளும்போது எஞ்சினின் உடம்பு மற்றப் பக்கம் சரியப் பார்க்கிறது. இதற்கு மேல், நான்கு பிஸ்டன்களும் ஏறி இறங்குவதில் ஒன்றையொன்று முழுதாகச் சமப்படுத்துவதுமில்லை. மிச்சமாகிற உதறல் ஒன்று எப்போதும் இருக்கும்.

ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினைச் சட்டத்தோடு நேராகவே பொல்ட் போட்டு முடுக்கினார்கள். நடுக்கம் முழுக்கச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து சீற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் வந்தது. வசதியானவர்கள் ஆறு, எட்டு சிலிண்டர் கார்களை வாங்கி அதிலிருந்து தப்பினார்கள். நான்கு சிலிண்டர் வாங்கியவர்கள் குலுங்கிக்கொண்டே போனார்கள். அதாவது, மென்மையான பயணம் என்பது அன்றைக்குக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

1920களிலேயே சில கம்பனிகள் இடையில் இறப்பர் துண்டு வைத்துப் பார்த்தன. ஆனால் திருப்புமுனை 1931. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பனி தனது மலிவான பிளிமத் காரில் 'மிதக்கும் சக்தி' என்ற பெயரில் புதிய அமைப்பொன்றைக் கொண்டுவந்தது. இறப்பர் வைத்தது மட்டும் அதன் கெட்டித்தனம் இல்லை, எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதுதான் விஷயம். எஞ்சினின் முன்பக்கம் உயரத்தில் ஒன்று, பின்பக்கம் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைக்கும் கோடு எஞ்சினின் ஈர்ப்பு மையத்தினூடாகப் போகும். 'ஆடாதே' என்று கட்டிப்போடாமல், அது இயல்பாக ஆட விரும்புகிற அச்சிலேயே ஆட விட்டார்கள். அளவுக்கு மிஞ்சாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒரு வில் தகடு. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்திலும் பிளிமத் அமெரிக்க விற்பனையில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அடுத்த வருடம் பிரான்சில் சிட்ரோயன் இதே உரிமத்தை வாங்கி, தன் சின்னத்தோடு நீந்தும் அன்னம் ஒன்றையும் சேர்த்து விளம்பரம் செய்தது.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் உலகத்தின் இறப்பரில் பெரும்பங்கு எங்கேயிருந்து போனது? மலாயா, டச்சுக் கிழக்கிந்தியா, இலங்கை. பிரேசிலில் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, 1876 இல் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. பிறகு தோட்டங்கள் எழுந்தன. மலாயாவிலும் இங்கேயும் விடியக்காலையில் மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழ்த் தொழிலாளர்கள். 'மிதக்கும் சக்தி' ஓடத் தொடங்கிய அதே காலத்தில், 1932 இல், இறப்பர் விலை அதலபாதாளத்துக்கு விழுந்தது. தோட்டங்களில் சம்பளம் வெட்டப்பட்டது. பலர் வேலையில்லாமல் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காருக்குள் இருந்தவருக்கு நடுக்கம் குறைந்தது. சந்தையின் நடுக்கம் மட்டும் மரத்தடியில் நின்றவர்களின் தலையில் இறங்கியது. நடுக்கத்தை ஆர் தாங்குறது என்று அண்ணை கேட்டது இதற்கும் பொருந்துகிறது.

சரி, இப்படிக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த மென்மையை ஏன் திரும்ப இறுக்க வேண்டும்?

ஒரு காரணம் பந்தயம். 1967 இல் லோட்டஸ் 49 என்ற போர்முலா ஒன் காரில் எஞ்சினை இறப்பரே இல்லாமல் காரின் முதுகோடு நேராக பொல்ட் போட்டார்கள். பின் சில்லுகளின் சஸ்பென்ஷனும் எஞ்சினிலேயே தொங்கியது. எஞ்சினே காரின் எலும்பானது. ஓடிய முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் வென்றார். பந்தயக்காரனுக்கு நடுக்கம் பிரச்சினையில்லை, இரண்டு மணித்தியாலம் தாங்கினால் போதும்.

மற்றக் காரணம், எங்கட தெருவில் ஓடுகிற கார்களின் அமைப்பு. 1959 இல் வந்த மினி எஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சில்லுகளைச் சுழற்றியது. பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. இந்த அமைப்பில் முதல் கியரில் பத்து மடங்குக்கு மேல் பெருகும் முறுக்கு விசையின் எதிர்விசையையும் மவுண்டிங்குகளே தாங்க வேண்டும். அதனால்தான் அக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒருக்கால் பின்னுக்குச் சாய்ந்து, பிறகுதான் கார் நகர்கிறது. இறுக்கினால் அந்தச் சாய்வு போய்விடும். நண்பன் முதல் கிழமை உணர்ந்தது இதைத்தான்.

ஆனால் விலை ஒன்று இருக்கிறது. மென்மையான மவுண்டிங்கில் எஞ்சின் தானாக ஆடும் வேகம், வினாடிக்கு 25 என்ற அந்த வெடிப்பு வேகத்தைவிட நன்றாகக் கீழே இருக்கும். இறுக்க இறுக்க அது மேலேறி 25 ஐ நெருங்குகிறது. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன நடக்கும்? அதுதான் சிக்னலில் நடந்தது. வேகமாக ஓடும்போது தெரியாத நடுக்கம், நிற்கும்போது பல்லைக் கிட்ட வைக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் அண்ணை காட்டினார். கழற்றிய பழைய மவுண்டிங்குகளை மூலையிலிருந்து எடுத்துப் போட்டார். இறப்பர் வெடித்து, ஒன்று பாதி கிழிந்தே இருந்தது. நாங்கள் புது பொலியூரத்தேனை நல்ல இறப்பரோடு ஒப்பிடவில்லை, செத்துப்போன இறப்பரோடு ஒப்பிட்டிருக்கிறோம்! இறப்பரிலேயே புதுசு போட்டிருந்தாலும் அந்த 'டக்'கில் பாதி கிடைத்திருக்கும்.

கடைசியில் நண்பன் எஞ்சினின் பாரத்தைத் தாங்குகிற இடங்களுக்குக் கம்பனி இறப்பரையே புதிதாகப் போட்டான். சாய்வைப் பிடிக்கிற மவுண்டிங் ஒன்றை மட்டும் இறுக்கமாக விட்டான். கியர் இப்பவும் நன்றாகத்தான் விழுகிறது. வாகனத்தை மாற்றிச் செய்கிற ஆசை பிழையில்லை, எங்களுக்கும் அது இருக்கிறது. ஆனால் 'நல்லா இருக்கு' என்று சொல்ல முதல், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை மட்டும் கேட்காமல் பின்னுக்கு இருப்பவரையும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பின் சீற்றில் நித்திரையாகிவிட்டார்.