ஏரவாடாச் சிறையும் ‘குட்டம்’ என்னும் சொல்லும்

1. புணேயை அடுத்த ஏரவாடாச் சிறையில் 1932ஆம் ஆண்டு காந்தியடிகள் அடைக்கப்பட்டிருந்தபோது, அதே சிறையில் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவரும் இருந்தார். தொழுநோய் கண்டிருந்தமையால் அவர் பிறரிடமிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். அவரைக் காணக் காந்தியடிகள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இருவரும் கடிதவழியே உரையாடினர். பின்னர், 1939இல் சேவாகிராமம் வந்த சாஸ்திரியாருக்குத் தம் குடிலுக்கு அருகிலேயே இடமளித்து, அவர் உடலைக் காந்தியடிகள் தம் கையாலேயே பிடித்துவிட்டார். 1945இல் திருத்தி வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் இந்நோயினரைத் தனித் தலைப்பில் சேர்த்த அவர், அவர்களைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லே கெட்ட வாடை உடையது என்று எழுதினார். நோயாளியைத் தொட அஞ்சாத ஒருவர் சொல்லையும் கவனித்தார் என்பது மொழியியலாருக்கு முக்கியமான செய்தியாகும். தமிழில் அச்சொல்லுக்கு நேரானது ‘குஷ்டம்’, அதன் தமிழ் வடிவமான ‘குட்டம்’ ஆகியவற்றின் வழிவந்த பெயராகும்.

2. வடமொழி மருத்துவ நூல்களில் குஷ்டம் என்பது தனி நோயின் பெயரன்று, வகைப்பெயராகும். சரகமும் சுசுருதமும் பெருங்குட்டம் 7, சிறுகுட்டம் 11 என 18 வகை கூறும். சித்த மருத்துவமும் 18 என்றே எண்ணுகிறது. தோலில் தோன்றும் எல்லாம் இதனுள் அடங்கியதுமில்லை. முகப்பருவைச் சுசுருதம் ‘முகதூஷிகை’ என்னும் பெயரால் சிறுநோய்களுள் வைத்தது. ஆகவே இச்சொல்லின் பொருள் விரிவானதாயினும் எல்லையுடையது.

தமிழில் ‘தொழுநோய்’ என்பதும் பழஞ்சொல்லே. நாலடியார் இதனை ஆள்கிறது. தொழுநோயராயினும் சிவனுக்கு அன்பரெனின் அவரே தாம் வணங்கும் கடவுள் என்னும் கருத்தில் அப்பரும் தம் திருத்தாண்டகத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார்.

3. விவிலிய மொழிபெயர்ப்பு இச்சொல்லுக்கு மற்றொரு சுமையை ஏற்றியது. எபிரேய மூலத்தில் வரும் ‘சாராஅத்’ மனிதத் தோலுக்கு மட்டுமின்றி ஆடைக்கும் வீட்டுச் சுவருக்கும் நேரும் கறையைக் குறித்தது. கிரேக்கத்தில் அது செதிள் எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்த ‘லெப்ரா’ ஆயிற்று. தமிழில் ‘குஷ்டம்’ ஆயிற்று. மருத்துவ வகைப்பெயரோடு சமயத் தீட்டும் இவ்வாறு சேர்ந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தொழுநோய்’ என்பதை ஆண்டது.

ஹான்சன் 1873இல் நுண்ணுயிரைக் கண்டறிந்த பின் தொழுநோய் திட்டவட்டமான ஒரு நோயாயிற்று. குஷ்டம் என்னும் சொல்லும் அந்நோய்க்கே உரியதாகச் சுருங்கியது. ஆயினும் ‘வெண்குஷ்டம்’ என்னும் பழந்தொடர் வழக்கில் நின்றது. தோலின் நிறமியணுக்கள் அழிவதால் உண்டாகும் அக்குறை தொற்றாதது, தொழுநோயோடு தொடர்பற்றது. எனினும் பெயரின் பின்பாதி அதனைத் தொற்றுநோயாகக் காட்டித் திருமணத்தையும் வேலையையும் தடுத்தது. ‘வெண்புள்ளி’ என்னும் பெயரை வலியுறுத்தித் தமிழ்நாட்டில் விழிப்புணர்வு இயக்கம் எழுந்ததற்குக் காரணம் இதுவே. இங்குச் சொல் மாற்றம் இடக்கரடக்கல் அன்று; பிழைதிருத்தமாகும்.

4. எஞ்சுவது மனிதரைக் குறிக்கும் பெயர். 1948இல் ஹவானாவில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு பழைய ஆங்கிலப் பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அப்பெயரையே தலைப்பாகக் கொண்ட 1898ஆம் ஆண்டு இந்தியச் சட்டமோ 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன.

தமிழில் ‘தொழுநோயாளி’ என்பதிலுள்ள ‘-ஆளி’ உடைமைப் பொருளது. ‘தொழிலாளி’, ‘அறிவாளி’ என்பவற்றில் போல, அது பண்பை ஆளோடு நிலையாகப் பிணைக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் முற்றும் குணமாகும் இக்காலத்தில், குணமடைந்தவரையும் ‘தொழுநோயாளி’ என்பது பொருந்தாது. சிகிச்சை பெறுபவருக்கு ‘நோயாளி’ என்பதையும், குணமடைந்தவருக்கு ‘தொழுநோயிலிருந்து மீண்டவர்’ என்பதையும் மொழிபெயர்ப்பாளர் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். பழைய நூல்களில் ‘குஷ்டம்’ வரும் இடங்களில், அது வகைப்பெயரா நோய்ப்பெயரா என்பதைத் தெளிந்த பின்னரே ‘தொழுநோய்’ என்று பெயர்த்தல் தகும்.