அல்லைப்பிட்டிக் கடலும் பருவக்காற்றுப் பயணமும்

பாய்க்கப்பல் காலத்தில் இலங்கைக்கும் சுமாத்திரா, யாவாத் தீவுகளுக்கும் இடையிலான பயணம் காற்றின் பருவத்தை வைத்தே திட்டமிடப்பட்டது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் கப்பலைக் கிழக்கே கொண்டுபோகும். கார்த்திகைக்குப் பின் எழும் வாடை மேற்கே கொண்டுவரும். ஒரு காற்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை துறையில் கிடக்கவேண்டியதுதான். ஆகவே எங்கே, எத்தனை மாதம் தங்குவது என்பது முதற் கணக்காயிற்று. 1178இல் சோ சூஃபெய் எழுதிய சீன நூல் ஒன்று இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: குவாங்சௌவிலிருந்து 40 நாளில் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள லாமுரியை அடையும் கப்பல், குளிர்காலத்தை அங்கே கழித்து, மறு ஆண்டு புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் கொல்லம் சேரும்.

கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சீனத் துறவி பாகியானின் பயணக் குறிப்பே நல்ல சான்று. 411இல் அவர் இலங்கையில் ஏறிய வணிகக் கப்பலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆபத்துக்கென ஒரு சிறுகலம் பின்னால் கட்டி இழுக்கப்பட்டது. இரண்டு நாளில் புயல் வந்து கப்பல் ஒழுகத் தொடங்கியது. சிறுகலத்தில் இருந்தவர்களோ, எல்லோரும் தாவி ஏறிவிடுவார்கள் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். சரக்கைக் கடலில் எறிந்து, 13 நாள் அலைந்து, ஒரு தீவில் நீர் வற்றியபோது ஓட்டையை அடைத்தார்கள். யாவாவை அடைய மேலும் 90 நாள் சென்றது. ஐந்து மாதம் அங்கே தங்கியபின் ஏறிய அடுத்த கப்பலில் 50 நாளுக்கான உணவே இருந்தது. 70 நாள் கடந்தும் கரை தென்படவில்லை. நன்னீரை ஆளுக்கு அளந்து கொடுத்து, கடல்நீரில் சமைத்தனர். அவர்கள் கரைசேர்ந்த இடமும் நாடிய குவாங்சௌ அன்று, வடக்கே வெகுதொலைவிலுள்ள ஷாந்தோங்.

வேலணைத் தீவின் கிழக்கு முனையில், மண்டைதீவை அடுத்துள்ள அல்லைப்பிட்டி இக்கடல்வழியின் தடயத்தை இன்றும் வைத்திருக்கிறது. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் இங்கு வட சொங் காலச் சீன மட்பாண்டங்களைக் கண்டறிந்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகம் இலங்கை ஆய்வாளர்களுடன் நடத்திய அகழ்வில் அவ்வகை ஓடுகள் மேலும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியையும் 12இன் தொடக்கத்தையும் சேர்ந்தவை. சோழத் தூதர்கள் 1077இல் சீன அரசவைக்குச் சென்ற காலமும் இதுவே. பாக்குநீரிணையின் ஆழமின்மையை எண்ணும்போது, பெருங்கப்பலின் சரக்கு சிறு கலங்களுக்கு மாறிய இடமாக இது இருந்திருக்கலாம்.

அருகிலுள்ள ஊர்காவற்றுறை அன்று ஊராத்துறை எனப்பட்டது. அங்கு வரும் அயல்நாட்டாருக்குப் பாதுகாப்பு அளிக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் நயினாதீவில் உள்ளது. கப்பல் உடைவதையும் அது முன்கூட்டியே கணக்கிட்டிருக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பலானால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கானால் பாதிக்குப் பாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோரிடம் அரசன் காட்டிய சலுகை இது எனலாம்.