எதிர்ப்பின் வேர் எங்கே?

நிறுவனப் பண்பாட்டை மாற்ற முனையும் நிர்வாகங்கள், எதிர்க்கும் ஊழியர்களை என்ன செய்வது என்றே முதலில் கேட்கின்றன. எதிர்ப்பு ஊழியரின் குணத்தில் ஊறியது என்ற முன்முடிவு அக்கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. அம்முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆள்கள் பெரும்பாலும் மாறாமல் முறை மாறிய இரண்டு நிகழ்வுகள் இதற்குச் சான்று.

முதலாவது, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் நகரில் இருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலை. லெஸ்டர் கோச்சும் ஜான் ஃபிரெஞ்சும் அங்கு நடத்திய ஆய்வு 1948இல் வெளிவந்தது. துண்டுக் கணக்கில் கூலி பெற்றவர்களின் வேலைமுறை மாற்றப்பட்டது. முடிவு அறிவிக்கப்பட்டதோடு சரி என்றிருந்த குழுவில் உற்பத்தி சரிந்து, மீளவேயில்லை. முதல் 40 நாள்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். மாற்றத்தைத் திட்டமிடுவதில் அனைவரும் பங்கேற்ற குழுக்கள் சில நாள்களிலேயே பழைய அளவை எட்டின. பின்னர் அதை ஏறத்தாழ 14 விழுக்காடு விஞ்சின. அவற்றில் ஒருவரும் விலகவில்லை. சரிந்த குழுவில் எஞ்சியோரை இரண்டரை மாதம் கழித்து, இம்முறை பங்கேற்புடன், வேறு வேலைக்கு மாற்றியபோது அவர்களும் விரைவில் தேறினர். இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. அன்றாடம் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத அந்த ஆலை 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அது மீண்டும் இயங்கியபோது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. ஆயினும் வராதோர் அளவு 2 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. குறை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்கும் கிடைத்திருந்தது. ஆள்குறைப்பு கடைசி வழியாகவே இருக்கும் என்று ஒப்பந்தம் உறுதியளித்தது. 1988இல் விற்பனை சரிந்தபோது தொழிலாளர்கள் நீக்கப்படவில்லை, பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர்.

இரண்டாண்டு வேலையின்மை தந்த அச்சமே அவர்களைப் பணிய வைத்தது என்று மறுக்கலாம். அச்சம் ஒருவரை ஆலை வாயில்வரை கொண்டுவரும். ஓடும் வரிசையை நிறுத்தும் துணிவை அது தராது. தவிர, ஹார்வுட்டில் ஆலை மூடப்படவே இல்லை.

பங்கேற்பு வெறும் சடங்கானால் பயனில்லை என்பதையும் ஏற்க வேண்டும். நார்வேயின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நடந்து, 1960இல் வெளிவந்த ஒத்த ஆய்வில் உற்பத்தி உயரவில்லை. அங்கு தொழிலாளர்கள் முடிவு செய்ய விடப்பட்டவை சிறு விஷயங்கள்.

எனவே எதிர்க்கும் ஊழியர்மீது நடவடிக்கை எடுக்குமுன், அம்மாற்றத்தில் அவருக்குத் தரப்பட்ட பங்கு என்ன, அளிக்கப்பட்ட பாதுகாப்பு என்ன என்பதை நிர்வாகம் எழுத்தில் காட்ட வேண்டும். காட்ட இயலாவிட்டால், திருத்தப்பட வேண்டியது நிர்வாகத்தின் முறையே.