மகேஷ் பூபதி

மகேஷ் ஸ்ரீநிவாஸ் பூபதி (பிறப்பு: சென்னை, 7 ஜூன் 1974) இந்திய டென்னிஸ் இரட்டையர் ஆட்டக்காரர், பிற்காலத்தில் பெங்களூருவை மையமாகக் கொண்டு பயிற்சியகங்களை நடத்தியவர், டேவிஸ் கோப்பை இந்திய அணியின் விளையாடாத கேப்டனாக இருந்தவர். கிராண்ட் ஸ்லாம் போட்டிகளின் முதுநிலைப் பிரிவில் பட்டம் வென்ற முதல் இந்தியர் இவரே. ஆடவர் இரட்டையரில் 4, கலப்பு இரட்டையரில் 8 என 12 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் இவர் கணக்கில் உள்ளன.

இளமை ஓமனின் மஸ்கட்டில் கழிந்தது. முதல் ஆசான் தந்தை கிருஷ்ணா பூபதி. அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1995இல் அலி ஹமாதேயுடன் சேர்ந்து அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான இரட்டையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்.

1997ஆம் ஆண்டு திருப்புமுனை. பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரில் ஜப்பானின் ரிகா ஹிராகியும் பூபதியும் இறுதியாட்டத்தில் அமெரிக்க ஜோடியான லிசா ரேமண்ட், பேட்ரிக் கால்பிரெய்த்தை வீழ்த்தினர். விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் ஒற்றையரில் காலிறுதிவரை சென்று திரும்பிய முதுநிலைக் கிராண்ட் ஸ்லாம் களத்தில் இந்தியர் ஒருவர் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல்முறை. அதே ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் சக இந்திய ஆட்டக்காரர் லியாண்டர் பயஸுடன் சேர்ந்து சென்னை ஓபன் பட்டத்தையும் வென்றார். அந்தப் பட்டம் 1998, 1999, 2002, 2011 ஆண்டுகளிலும் இந்த ஜோடிக்கே கிடைத்தது.

பயஸும் பூபதியும் ஒருவருக்கொருவர் எதிரான இயல்பு கொண்டவர்கள். பயஸ் வலையருகே துள்ளிக்கொண்டே இருப்பார். எதிராளி அடித்த பந்து வலையைக் கடக்கும்போதே குறுக்கே பாய்ந்து வாலியில் முடித்துவிடுவார். பூபதி பின்னால் நிதானமாக நின்று வலுவான சர்வ் போடுவார். எதிராளியின் சர்வைப் பேக்ஹேண்டில் திருப்பி, முன்னேறி வருபவரின் காலடியில் இறக்குவார். ஒருவர் பந்தைத் தாழ்த்தினால் மற்றவர் அதை அறுவடை செய்வார். முக்கியமான புள்ளியை வென்றதும் இருவரும் ஓடிவந்து எம்பி, நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொள்வார்கள். அந்த மோதலைத் தெருவோரக் கிரிக்கெட் ஆடிய சிறுவர்களும் பழகிக்கொண்டார்கள். செய்தித்தாள்கள் இவர்களை ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்றழைத்தன.

1998இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அரையிறுதியோடு நின்ற ஜோடி, 1999இல் நான்கிலும் இறுதியாட்டத்தை எட்டியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கிராண்ட் ஸ்லாம் திறந்துவிடப்பட்ட 1968க்குப் பிறகு எந்த ஜோடியும் அதைச் செய்திருக்கவில்லை. மெல்பர்னில் யோனாஸ் பியோர்க்மன், பேட்ரிக் ராஃப்டரிடம் ஐந்து செட் போராடித் தோற்றனர். பாரிஸில் கோரான் இவானிசெவிச், ஜெஃப் டராங்கோ ஜோடியை 6–2, 7–5 என்று வென்றனர். விம்பிள்டனில் பால் ஹார்ஹாய்ஸ், ஜாரெட் பாமர் ஜோடியிடம் முதல் செட்டை டைபிரேக்கரில் இழந்தபின் அடுத்த மூன்று செட்களையும் எடுத்தனர். நியூயார்க்கில் செபாஸ்டியன் லாரோ, அலெக்ஸ் ஓபிரையனிடம் தோல்வி. ஆனால் அதே போட்டியில் பூபதி ஐ சுகியாமாவுடன் கலப்பு இரட்டையர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்திருந்தார்.

உச்சத்தில் இருந்தபோதே ஜோடி பிரிந்தது. பணம், பயிற்சியாளர், சுற்றியிருந்தவர்களின் பேச்சு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன; இருவர் சொல்லும் கதைகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மீண்டும் சேர்ந்தபின் 2001இல் பிரெஞ்சு ஓபனை வென்றனர். டேவிஸ் கோப்பையில் மட்டும் பகையும் நட்பும் ஆட்டத்தைத் தொடவில்லை: அங்கு தொடர்ந்து 24 இரட்டையர் ஆட்டங்களை வென்றது இந்த ஜோடி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷியாவின் மாரியோ அன்சிச், இவான் லியூபிசிச்சிடம் 6–7, 6–4, 14–16 என்று தோற்றனர். கடைசி செட்டில் மட்டும் 30 கேம். இந்திய டென்னிஸில் இதைவிட வலித்த தோல்வி அரிது.

பிற இணைகளோடு பெற்ற வெற்றிகளும் உண்டு. மேக்ஸ் மிர்னியுடன் 2002 அமெரிக்க ஓபனை வென்றார். 2009 அமெரிக்க ஓபன் இறுதியில் பூபதியும் மார்க் நோல்ஸும் தோற்றது பயஸ், லூகாஸ் டுலூஹி ஜோடியிடம். சானியா மிர்சாவுடன் 2009 ஆஸ்திரேலிய ஓபன், 2012 பிரெஞ்சு ஓபன் பட்டங்கள் கிடைத்தன. இரண்டாவதை வென்ற நாள் அவருடைய 38ஆம் பிறந்தநாள். இடம், 15 ஆண்டுகளுக்கு முன் எல்லாம் தொடங்கிய அதே ரோலண்ட் காரோஸ்.

2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் பயஸுடன் ஆட மறுத்து, ரோகன் போபண்ணாவுடன் ஆடினார். பயஸுக்கு விஷ்ணு வர்தன் இணையானார். பின்னர் அகில இந்திய டென்னிஸ் சங்கம் பூபதிக்கும் போபண்ணாவுக்கும் விதித்த தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் ஆட்டக்காரர்களே இரு அணியாக நின்றனர்.

பயிற்சியகங்களை 2000களின் நடுவில் தொடங்கினார். அப்போலோ டயர்ஸ் துணையுடன், 2018க்குள் இந்தியாவிலிருந்து ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் சாம்பியன் ஒருவரை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் அத்திட்டத்துக்கான தேர்வில் கிடைத்த ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டச் சிறுவன் சுமித் நாகல், 2019 அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் ரோஜர் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டை 6–4 என்று பறித்தார்.

2017இல் ஆனந்த் அமிர்தராஜுக்குப் பின் டேவிஸ் கோப்பை கேப்டனானார். டேவிஸ் கோப்பையில் கேப்டன் களத்தின் ஓரத்திலேயே அமர்ந்து, இடைவேளைதோறும் ஆட்டக்காரரிடம் பேசலாம். அவருடைய முதல் சோதனை அந்த ஏப்ரலில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக. பெங்களூருவில் பிரேசர் டவுன், அல்சூர் தமிழர்களுக்கு எட்டும் தொலைவிலுள்ள கப்பன் பூங்கா அரங்கில் ஆட்டம் நடந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் காற்று இலேசு, பந்து வேகமாகப் பறக்கும். பலத்த சர்வ் அங்கே ஆயுதம். பூபதி போபண்ணாவைத் தேர்ந்தெடுத்தார். இரட்டையர் வெற்றிகளில் உலகச் சாதனைக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்டிருந்த பயஸ் அணியில் இடம் பெறவில்லை. இடம் உறுதி என்று தாம் சொல்லவேயில்லை என்றார் பூபதி. ஆட்டத்திறன்தான் அளவுகோல் என்று பேசப்பட்டதாகப் பயஸ் கூறினார். சென்னையின் ராம்குமார் ராமநாதனும் பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனும் ஒற்றையரில் வென்றனர். கோவையின் ஸ்ரீராம் பாலாஜி போபண்ணாவோடு இரட்டையரை வென்றார். இந்தியா 4–1.

ஓராண்டு கழித்துச் சீனாவின் தியான்ஜினில், 0–2 என்று பின்தங்கிய நிலையில், அதே பூபதி பயஸையும் போபண்ணாவையும் இணைத்துக் களமிறக்கினார். அவர்கள் வென்றனர், பயஸின் 43ஆவது வெற்றி, உலகச் சாதனை. இந்தியா 3–2 என்று மீண்டது. களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தவர், அந்தச் சாதனைக்குப் பாதியாவது காரணமான பழைய இணை.

2019இல் பாகிஸ்தானுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்காக இஸ்லாமாபாத் செல்ல மறுத்தபின் கேப்டன் பொறுப்பு ரோஹித் ராஜ்பாலுக்குச் சென்றது. 2021இல் பயஸ், பூபதி இருவரின் கதையும் ‘பிரேக் பாயிண்ட்’ என்ற ஆவணத் தொடராக ஜீ5 தளத்தில் வெளியானது. பத்மஸ்ரீ விருது 2001இல் வழங்கப்பட்டது.